மூடி மாறிய எட்டாவது சுருள்

அலுவலகத்தில் அவளுக்கு மூக்கு என்று பெயர். அதற்குக் காரணம் இரண்டு. பிலிம் டப்பாவைத் திறக்காமலேயே, மூடியின் விளிம்பில் மூக்கை வைத்து, உள்ளே இருக்கும் படம் நன்றாக இருக்கிறதா, கெட ஆரம்பித்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். பழைய பிலிம் கெடும்போது வினிகர் வாடை வீசும். அந்த வாடை ஊருக்கே தெரிகிறபோது படம் போயே போயிருக்கும். இவளுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே தெரிந்துவிடும். இன்னொரு காரணம், கோபம் அவளுக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருந்தது. முதல் காரணத்துக்காக அவளைத் தேடி வந்தவர்களைவிட, இரண்டாவது காரணத்துக்காக வேறு பக்கம் நடையைக் கட்டியவர்களே அதிகம்.

அவள் வேலை பார்த்தது நாட்டின் பழைய திரைப்படங்களைப் பாதுகாக்கும் காப்பகத்தில். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பின்கட்டில் இரண்டு அறைகள், தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டுகளில் வட்ட வட்டமாக இரண்டாயிரம் டப்பாக்கள். பிலிமுக்குக் குளிர்ச்சி வேண்டும். அந்த அறைகளின் குளிர்சாதனம் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் பெரிய விஷயம். அந்தக் கட்டடத்தில் ஒரு நாளும் நின்றுபோகாத குளிர்சாதனம் ஒன்றே ஒன்று. அது தலைமை அதிகாரியின் அறையில் இருந்தது. பிலிமைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு இதைப் பார்த்தும் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. தினமும் அந்தக் கதவைத் தாண்டும்போது காலில் ஜில்லென்று காற்று படும், அவளுக்கு வயிறு எரியும்.

இருபத்து நாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். மேசையின் இரண்டு பக்கமும் சுருளைச் சுற்றும் கைப்பிடி, நடுவில் வெள்ளைக் கண்ணாடி, அதற்கடியில் விளக்கு. ஒரு கையால் சுற்றுவாள். இன்னொரு கையில் பருத்தி உறை போட்டு, பிலிமின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே ஓட விடுவாள். ஓரத்து ஓட்டை கிழிந்திருந்தால் விரல் நிற்கும். ஒட்டு விட்டிருந்தாலும் நிற்கும். நிறுத்தி, வெட்டி, ஒட்டி, மறுபடி சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சுருள் பார்த்தால் அதிகம். வினிகர் வாடையோடு வீட்டுக்குப் போனால் கணவர், "ஊறுகாய் ஜாடி வந்தாச்சு" என்பார். அவர் பேருந்து ஓட்டுநர். அவரைக் கோபப்படுத்த இன்னும் யாரும் பிறக்கவில்லை. "ரோட்டுல ஆயிரம் பேர் திட்டறாங்க. வீட்டுல நீ ஒருத்திதானே?" என்பார். அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொள்வார்.

இனி அவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அவளே ஒளிக்காததை நாம் ஏன் பூசி மெழுக வேண்டும்?

பதினெட்டு வருடம் முன்னால் ஒரு பெரிய மனிதர் காப்பகத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. மூடிகளெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. அப்போதிருந்த அதிகாரி, எல்லா மூடிகளையும் கழற்றித் தேய்த்துத் துடைக்கச் சொன்னார். மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு நாள் தேய்த்தார்கள். படத்தின் பெயர் மூடியின் மேல்தான் எழுதியிருக்கும், டப்பாவில் இருக்காது. தேய்த்த மூடிகள் முற்றத்தில் மலையாகக் குவிந்தன. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். மூடுகிற வேலை இவளுக்கு.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததைப் போட்டிருந்தால்கூட, பாதியாவது தானாகப் பொருந்தியிருக்கும் என்று கணவர் பின்னாளில் கேலி செய்வார். அவளோ கவனமாகச் செய்தாள். மூடி தொளதொளவென்று இருந்தால் தூசி போகும், சுருளில் கீறல் விழும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டப்பாக்கள் எல்லாம் பழசு, ஆளுக்கொரு பக்கம் நசுங்கியவை. அதனால் ஒவ்வொரு டப்பாவுக்கும் நான்கைந்து மூடிகளை வைத்துப் பார்த்து, எது கச்சிதமாக உட்காருகிறதோ அதைப் போட்டு அழுத்தினாள். பிலிம் மேல் அத்தனை அக்கறை. அந்த அக்கறையில், நாட்டின் மொத்தத் திரைப்படத்துக்கும் பெயரை மாற்றி வைத்துவிட்டாள்.

அன்று மாலையே அவளுக்கு உறைத்தது. அதிகாரியிடம் ஓடினாள். "வந்தவர் போயிட்டாரு, பாராட்டிட்டுப் போயிருக்காரு. இப்ப போய் இதைக் கிளறாத. மெதுவாப் பாத்துக்கலாம்" என்றார். மெதுவாக அவர் ஓய்வு பெற்றார். கூடத் தேய்த்த இரண்டு பேரும் போனார்கள். மிஞ்சியது இவள். தன் அன்றாட வேலை முடிந்த பிறகு, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டப்பாவைத் திறந்து, உள்ளே என்ன படம் என்று பார்த்து, மூடியில் சரியான பெயரை ஒட்டினாள். முதல் அறையை முடிக்கப் பதினைந்து வருடம் பிடித்தது.

அந்தப் பதினைந்து வருடத்தில்தான் 'இரு வாசல்' படத்தின் ஏழு சுருள்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். அந்த நாட்டில் எடுத்த முதல் பேசும் படம் அது. ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்ட அக்கா தங்கையின் கதை. எட்டு சுருள், ஒரே பிரதி. ஏழாவது சுருளின் கடைசியில், பத்து வருடம் பேசாமலிருந்த தங்கை அக்காவின் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அதோடு சரி. நடித்தவர்கள் இல்லை, எடுத்தவர்கள் இல்லை, கதையை எழுதி வைத்தவர்களும் இல்லை. கதவு திறந்ததா என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. எட்டாவது சுருள் இரண்டாவது அறையில் ஏதோ ஒரு தப்பான மூடிக்கு அடியில் கிடந்தது. 'இரு வாசல் – 8' என்ற மூடி போட்ட டப்பாவும் அங்கே இருந்தது. அவள் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பாலத்தின் திறப்பு விழா.

இரண்டாவது அறையில் கை வைக்கும் நேரத்தில்தான் புதுத் தலைமை அதிகாரி வந்து சேர்ந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் எல்லாரும் அவரைக் கோட்டு என்றார்கள். வந்த மாதமே சுருள் பார்க்கும் மேசையைத் தூக்கி முன்கூடத்தில் வைத்து, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார். பார்வையாளர்களுக்கு அழகாக இருக்குமாம். வேலை செய்துகொண்டிருந்த மேசையைக் காட்சிப் பொருள் ஆக்கியவரை என்ன சொல்வது? அவள் சொன்னாள். சொன்னதைக் கேட்டு அவர் ஓர் உத்தரவு போட்டார்: எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. மூன்று வருடத்தில் அவள் பதினோரு முறை அனுமதி கேட்டு எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பிறகு கோட்டு கணினிப் பட்டியல் தயாரித்தார். இரண்டு ஆட்கள் வந்து ஒரே வாரத்தில் இரண்டாயிரம் மூடிகளையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மூடியை மட்டும். கணினி அதைப் படித்து, ஒரே பெயர் இரண்டு முறை வந்த இடங்களில் ஒன்றை உபரி என்று குறித்தது. உபரி இருநூற்றுப் பதினான்கு. எல்லாம் இரண்டாவது அறையில். கறுப்பு வெள்ளை பிலிமைக் கரைத்து அதிலிருந்து வெள்ளி எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கிருந்து புதன்கிழமை லாரி வரும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்.

அவள் கோட்டின் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"சார், அந்த ரூம்ல ஒரு மூடி கூட சரியில்ல. மூடியைப் பாத்துத் தூக்கிப் போட்டா எது போகுதுன்னு யாருக்கும் தெரியாது."

"பட்டியல் தெளிவா இருக்கும்மா. உங்க இரு வாசல் எட்டு சுருளும் பத்திரமா இருக்கு, பாருங்க." கோட்டு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"எட்டாவதுல பாலம் இருக்கு, சார்!"

"எந்தப் பாலம்?"

"டப்பாவுக்குள்ள பாலத் திறப்பு விழாப் படம் இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்."

"அனுமதி இல்லாமத் திறந்தீங்களா?"

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பயத்தில் இல்லை. மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஊற்றிவிடுவோமோ என்ற பயம் வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

"ஒரு வாரம் குடுங்க. நான் திறந்து பாத்துச் சொல்றேன்."

"அம்மா, பட்டியல் தப்புன்னு சொல்லணும்னா ஆதாரம் வேணும். மூடி மாறியிருக்குன்னு சொல்றீங்க. யார் மாத்தினது? எப்ப? ஏதாவது பதிவு இருக்கா? சும்மா வாய்ல சொல்றதைக் கேட்டு லாரியை நிறுத்த முடியாது."

அவள் தன் இடத்துக்குப் போய் ஒரு தாளை எடுத்து எழுதினாள்: இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதியில் இரண்டு அறைகளிலும் இருந்த எல்லா டப்பாக்களின் மூடிகளையும் மாற்றிப் போட்டது நான். ஆகவே மூடிகளைப் பார்த்துத் தயாரித்த பட்டியல் பொய். இதை முழு நினைவோடு எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து, ஒன்றை மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மற்றதைக் கொண்டுபோய்க் கோட்டின் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. இனி என்ன கெட்டாலும் பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டதே! ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது மூக்கைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கி, அன்றைக்கே விசாரணைக்கு எழுதினார்.

புதன்கிழமை லாரி வந்தது, காலியாகத் திரும்பிப் போனது. விசாரணைக்கு உட்பட்ட பொருளை அழிக்கக் கூடாது என்பது விதி. எழுதிக் கொடுத்தபோது அந்த விதி அவளுக்குத் தெரியாது. கோட்டுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் விசாரணைக்கு எழுதியிருக்கவே மாட்டார்.

வீட்டில் அவள் ஒரு வாரம் பாத்திரங்களை உருட்டினாள். குற்றச்சாட்டுத் தாள் பன்னிரண்டு பக்கம். மகள் தொலைபேசியில் அழுதாள். "எதுக்கும்மா நீயாப் போய் எழுதிக் குடுத்த? உன்னை யாரு கேட்டா?" கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க வா. இதைக் கேளு. 'குற்றம் சாட்டப்பட்டவர் கோரினால், சான்றுப் பொருள் ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையில் திறந்து, உள்ளிருப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.'"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தானே ஒருமுறை படித்தாள்.

"ஒவ்வொன்னையும்னா போட்டிருக்கு?"

"ஒவ்வொன்னையும்."

"பதினோரு கடிதம் எழுதினேனே, பாவிப் பசங்களா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

மேலிடம் அனுப்பிய விசாரணை அதிகாரி, எப்போதோ ஓய்வு பெற்று எழுபது வயதைத் தொட்டவர். சினிமா பார்க்கிற வழக்கமே இல்லாதவர். விதிப் புத்தகம் ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. முதல் நாளே கேட்டார்: "சான்றுப் பொருள் கெடக் கூடாது. இது எங்க வெச்சா கெடாது?"

"குளிர்ச்சியா இருக்கிற இடத்துல, ஐயா."

"இந்தக் கட்டடத்துல எது?"

 அவள் கோட்டின் அறையை நோக்கிக் கையை நீட்டினாள். அன்று மாலைக்குள் கோட்டின் நாற்காலியும் மேசையும் தாழ்வாரத்துக்கு வந்தன. இருநூற்றுப் பதினான்கு டப்பாக்களும் அவர் அறைக்குள் போய்ப் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. பொருளைப் பார்ப்பதற்குக் கருவி எங்கே என்று அடுத்து கேட்டார். முன்கூடத்துச் சிவப்புக் கயிற்றை வெட்டி மேசையைத் தூக்கி வந்தார்கள். படமாக இருந்தவரை நாதியில்லாமல் கிடந்தவை, குற்றமானதும் குளிர்சாதன அறையில் ராஜபோகமாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் கெஞ்சியும் கிடைக்காத ஒன்றைக் குற்றவாளியாகி வாங்க வேண்டியிருந்ததே என்று நெஞ்சு கொதித்தது.

வேலை நடந்த விதம் இது. குமாஸ்தா டப்பாவைக் கொண்டு வருவார். மூடியில் உள்ளதை அதிகாரி உரக்கப் படிப்பார். அவள் திறந்து, சுற்றிப் பார்த்து, உள்ளே என்ன என்று சொல்வாள். அதிகாரி எழுதுவார். பிறகு கேட்பார்: "மூடியில உள்ளது உள்ள இல்ல. இதை மாத்தினது நீங்கதானா?" "நான்தான்." ஒரு டப்பா, ஒரு குற்றம். 'பல் துலக்கும் முறை' என்ற மூடிக்குள் ஒரு வெள்ளம் வந்த ஊர் இருந்தது. 'மண்புழு உரம்' என்ற மூடிக்குள், நாட்டின் முதல் தேர்தலில் வரிசையில் நின்ற பெண்கள் இருந்தார்கள். இதையெல்லாம் வெள்ளிக்காகக் கரைக்கவிருந்தார்கள். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் அவள் பல்லைக் கடித்தாள். நாளைக்கு ஐந்து, சில நாள் ஆறு. கெட ஆரம்பித்தவற்றை வாடை பார்த்துத் தனியே வைக்கச் சொன்னாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

நூறைத் தாண்டிய அன்று அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் குமாஸ்தாவை வெளியே அனுப்பினார்.

"ஒன்னு சொல்லட்டுமா? இருநூத்திப் பதினாலுல பாதி நூத்தியேழு. அதுக்குள்ள நிறுத்திக்கிட்டா கவனக்குறைவுன்னு முடிச்சிடலாம். மிச்சத்துக்கு 'ஞாபகம் இல்ல'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பாதியைத் தாண்டினா வேணும்னு செஞ்சதாத்தான் எழுத முடியும். வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்."

"ஞாபகம் இல்லன்னு எழுதினா மிச்ச டப்பாவைத் திறப்பீங்களா?"

"திறக்கத் தேவையில்ல. விசாரணை முடிஞ்சிரும்."

"அப்புறம் லாரி வரும்."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

எட்டாவது சுருள் இன்னும் கிடைத்திருக்கவில்லை. மிச்சம் இருப்பதில் அது இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? உபரி என்று ஒதுக்காத டப்பாக்கள் அந்த அறையில் இன்னும் எத்தனையோ இருந்தன. மாலையில் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தட்டுகளைக் கழுவி வைத்தார். பிறகு, "இப்ப எத்தனை ஆச்சு?" என்றார்.

"நூத்தி மூணு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சா சொல்ல மாட்டேனா? கேக்கறதைப் பாரு."

"அப்ப நாளைக்கு நூத்தி நாலைத் திற. என் ஓய்வூதியம் எதுக்கு இருக்கு? ரெண்டு பேரும் சாப்பிடலாம்." சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார். அன்று மட்டும் அவள் அவரைத் திட்டவில்லை.

நூற்றியெட்டாவது டப்பாவின்போது அதிகாரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "நான்தான், எழுதுங்க" என்றாள். நூற்றிப் பத்து, நூற்றி இருபது. தாழ்வாரத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோட்டு, அவள் ஒவ்வொரு முறை "நான்தான்" என்றபோதும் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். கோட்டை இப்போது கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார்.

"நூற்றியறுபத்து மூன்று. கொசு ஒழிப்பு, இரண்டாம் பிரதி" என்று அதிகாரி படித்தார்.

மூடியைத் திறந்ததும் மெல்லிய வினிகர் வாடை. ஆரம்பம்தான், இன்னும் முற்றவில்லை. முனையை எடுத்து மேசையில் மாட்டி, விளக்கைப் போட்டு, மெல்லச் சுற்றினாள். முதலில் வெற்றுப் பிலிம். பிறகு ஒரு கதவு. அவள் கை நின்றது. ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். கதவு திறந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. படத்தின் ஓரத்தில் ஒலியைப் பதிந்திருக்கும் வெள்ளைக் கோடு, இருக்கிற இடம் முழுவதும் அடைத்துக்கொண்டு மேலும் கீழும் துடித்தது. மெதுவாகப் பேசினால் அந்தக் கோடு ஒடுங்கி இருக்கும். இது கத்தல். அக்கா தங்கையைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே, ஒரு கையால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"என்னம்மா? என்ன இருக்கு உள்ள?"

"இரு வாசல். எட்டாவது சுருள்." குரல் உடைந்துவிட்டது, அதற்காகவும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "கொசுவாம். கொசு! கரைச்சிருப்பாங்க, ஐயா. இந்நேரம் எங்கேயாவது ஒரு வெள்ளி ஸ்பூனாக் கிடந்திருக்கும்."

அதிகாரி எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க தேடினது இதுதானே? கிடைச்சிருச்சு. இதோட நிறுத்திக்கலாம்மா. வேணும்னே செய்யலைன்னு நானே ரெண்டு வரி சேத்து எழுதறேன். மிச்சம் அம்பத்தோரு டப்பாவுக்கு ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

நல்ல மனுஷர்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"அந்த அம்பத்தொன்னும் யார் வீட்டுப் படம், ஐயா?"

 அவள் குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, தாழ்வாரம் வரை கேட்கும்படி, "நூத்தியறுபத்து நாலைக் கொண்டு வாங்க" என்றாள்.